எங்கள் தெருத் தியாகி

திருவொற்றியூரில் தியாகராஜர் இரண்டு பேர். ஒருவர் கோயிலில் இருக்கிறார். மாசித் திருவிழா வந்தால் தேரில் ஏறி வீதிக்கு வருவார். இன்னொருவர் எங்கள் தெருவில், கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். தேர்தலே வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

சட்டம் தனக்குக் கொடுத்த ஒன்றையும் அவர் இதுவரை தொட்டதில்லை என்பதால் தெருப் பையன்கள் ‘தியாகி’ என்று பேர் வைத்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. பட்டினத்தார் சமாதி இருக்கிற ஊர். எல்லாவற்றையும் விட்டவருக்கு இங்கே மதிப்பு உண்டு. ஆனால் பட்டினத்தார் விட்டது சொத்தை. நம்மவர் மாடிப் போர்ஷன் வாடகையில் ஐம்பது ரூபாய்கூட விட்டதில்லை. விட்டது உரிமையை மட்டும்தான். ‘விட்டார்’ என்று அவர் காதுபடச் சொல்லிவிடவும் கூடாது.

“நான் எங்கப்பா வுட்டேன்? பத்திரமா வச்சிக்கீறேன். பொறப்புல வந்தது தம்பி, எங்க பூடும்?”

வைத்திருக்கிற இடம் பீரோ. ஒருமுறை திறந்து காட்டினார். தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில் எடுத்த வாக்காளர் அட்டை, கவருக்குள் கவராக இருந்தது. படத்தில் மீசை கறுப்பு. சிம் கார்டு வாங்க, கேஸ் இணைப்பு வாங்க, கூரியர் வாங்க என்று அந்த அட்டையை அவர் காட்டாத இடமில்லை, வாக்குச்சாவடியைத் தவிர. எங்கள் கோயில் மூலவருக்கு வருடம் முழுக்கக் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள்தான் திறப்பார்கள். அண்ணனுடைய ஓட்டுரிமைக்கு அந்த மூன்று நாளும் கிடையாது.

அட்டைக்குக் கீழே ஒரு பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதற்காக வாங்கியது. டெல்லியில் 2005-இல் வந்த அந்தச் சட்டத்துக்கு எட்டு வருடம் முந்தியே, 1997-இல், தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. அந்தப் பெருமையை எனக்குச் சொன்னவரே அவர்தான். ஸ்டாம்ப் வாங்கி எத்தனை வருடம் ஆச்சு அண்ணே என்றேன். “பையன் அப்ப ரெண்டாங்கிளாஸ்” என்றார். பையன் இப்போது காலேஜ். கேட்க நினைத்த கேள்வி, எங்கள் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்பது. எண்ணெய் தீர்ந்தபோது தன் ரத்தத்தையே ஊற்றி விளக்கெரிக்கத் துணிந்த கலிய நாயனார் பிறந்த ஊர் இது. கழுத்தை அரிந்துகொள்ள வேண்டாம், மாநகராட்சியின் 1913-க்கு ஒரு போன் போட்டால் போதும். அதையும் அண்ணிதான் போட்டார். விளக்கும் வந்தது. “பாத்தியா, தானா வந்துச்சி” என்றார் அண்ணன்.

இவர் உரிமையே தெரியாத அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். சில உரிமைகளை உயிரைக் கொடுத்துக் காப்பார். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொசுறு வாங்காமல் நகர்ந்ததில்லை. மெஸ்ஸில் மூன்றாம் முறை சாம்பார் ஊற்றத் தயங்கிய சர்வரிடம் அவர் பேசியதைக் கேட்டிருந்தால் அரசியல் நிர்ணய சபையிலேயே இடம் கொடுத்திருப்பார்கள். அப்புறம் அந்தக் கல். வீட்டு வாசலுக்கு நேரே, பொது ரோட்டில், 1998-இல் ஒரு கருங்கல்லை உருட்டிப் போட்டு ‘நோ பார்க்கிங்’ என்று சுண்ணாம்பில் எழுதினார். அவரிடம் வண்டி கிடையாது. இருந்தாலும் வேறு எவன் வண்டியாவது அங்கே நின்றால் நாற்காலி காலியாகிவிடும். தன்னிடம் இருக்கிற உரிமையைத் தொடாதவர், தன்னிடம் இல்லாத உரிமையைத் தினம் இரண்டு வேளை பயன்படுத்துகிறார்.

டீக்கடைக்கு வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் அந்தக் கல்லைப் பார்த்து ஒருநாள் கணக்குப் போட்டார். “தனியார் இடத்துக்குப் பன்னெண்டு வருஷம். பொதுத் தெருவை மீட்கணும்னா கார்ப்பரேஷனுக்கு முப்பது வருஷம் டைம். 98-ல போட்ட கல்லா? 2028-ல அண்ணன் ரோட்டுக்கே பட்டா கேட்பாரு.” எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. மனதுக்குள் 2028-ஐக் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

குமாஸ்தா சொன்னதில் இன்னொரு சங்கதி அவரைச் சுட்டது. அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து பக்கத்து மனை வழியாகப் பின்தெருவுக்குப் போகிற வழிப் பாத்தியம் ஒன்று அவர் அப்பா காலத்தில் இருந்தது. பத்திரத்திலும் இருக்கிறது. இவர் நடக்கவே இல்லை. பக்கத்து மனைக்காரர் அங்கே பாத்ரூம் கட்டிவிட்டார். 1882-ஆம் வருடத்துச் சட்டப்படி அந்த மாதிரிப் பாத்தியத்தை இருபது வருடம் தொடர்ந்து அனுபவிக்காமல் விட்டால் அது செத்துப்போகும்.

“அப்ப ஓட்டும் பூடுமா?” என்றார் அண்ணன், டீயைக் கீழே வைத்துவிட்டு. அவர் டீயைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பாதை வேற, பிரஜை வேற” என்றார் குமாஸ்தா. 1958-இல் பசேஷர் நாத் என்பவர் வழக்கு. வருமான வரிக்காரர்களோடு சமரசம் பேசிக் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டவர். பிறகு பார்த்தால் அந்த நடவடிக்கையே சமத்துவத்துக்கு விரோதம். நீயாகத்தானே ஒத்துக்கொண்டாய் என்றது இலாகா. அடிப்படை உரிமையைக் குடிமகனே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது சுப்ரீம் கோர்ட். 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கிலும் அதே கதை. நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இருப்பதாகச் சொல்ல மாட்டோம் என்று ஹைகோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னது அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. உரிமை நின்றது. குடிசைக்கு மட்டும் மழைக்காலம் முடியும் வரைதான் தவணை.

கடைசி வாக்கியத்தை அண்ணன் கேட்கவில்லை. அதற்குள் டீயைத் திரும்ப எடுத்துவிட்டார். “அப்பிடிச் சொல்லு! சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டான். எங்க பூடும்?”

குமாஸ்தா விடவில்லை. ஓட்டு அந்த ஜாதி இல்லை என்றார். முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதிக்கு நின்ற பொன்னுசாமி என்பவருடைய வேட்புமனுவைத் தள்ளினார்கள். 1952-இல் அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், ஓட்டுப் போடுவதும் தேர்தலில் நிற்பதும் சிவில் உரிமையல்ல, சட்டம் கொடுத்தது, சட்டம் சொன்ன வரம்புக்குள்தான் என்று முடிந்தது. அடிப்படை உரிமை மனுஷன் உடம்போடு இருக்கிறது. ஓட்டு ஒரு பட்டியலில் இருக்கிறது. அண்ணன் இதற்கு ஒன்றும் சொல்லாமல் வடை கேட்டார்.

எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இவரை மாதிரி ஆட்களுக்கு எங்கள் ஊர்ப் பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. ஒற்றி என்றால் போக்கியம். சொந்தக்காரன் ஒருவன், அனுபவிக்கிறவன் ஒருவன். மீட்கிற வரைக்கும் சொந்தக்காரன் திண்ணையில் உட்கார்ந்து ‘என் வீடு’ என்று கையைக் காட்டலாம். உள்ளே யாருடைய அடுப்போ எரியும்.

தேர்தல் நடத்தாத வருடங்களில் அண்ணனைப் பார்க்க வேண்டும். சிங்கம். மாநகராட்சிக்கு 2016-இல் மன்றத்தின் காலம் முடிந்து 2022 வரை கவுன்சிலரே இல்லை. “ஜனநாயகப் படுகொலை தம்பி!” எங்கள் சட்டமன்ற உறுப்பினர் கே.பி.பி.சாமி 2020 பிப்ரவரியில் காலமானார். இடைத்தேர்தல் வரவில்லை; 2021 பொதுத்தேர்தல் வரை தொகுதி காலியாகவே கிடந்தது. “என் ஓட்டுரிமையப் பறிச்சிட்டானுங்க!” பழங்கணக்கும் எடுப்பார்: 1973-இல் மாநகராட்சியைக் கலைத்தவர்கள் 1996 வரை இருபத்துமூன்று வருடம் தேர்தல் வைக்கவில்லை என்று. அது மஸ்டர் ரோல் ஊழலில் கலைத்த சென்னை மாநகராட்சி. திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி, 2011-இல்தான் சென்னையோடு சேர்த்தார்கள். அடுத்த வீட்டுச் சாவுக்கு இவர் மொட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி தேர்தல் வைத்தார்கள். சனிக்கிழமை. நான் போகும்போது பதினொரு மணி. அண்ணன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “சாயங்காலம் கூட்டம் கொறையட்டும்.” சாயங்காலம் போனேன். “இப்பப் போனா மெஷின மூடிருப்பான்.” அன்றைக்குத் தமிழ்நாட்டில் 60.70 சதவீதம் ஓட்டு விழுந்தது, சென்னையில் 43.59. நூற்றுக்கு ஐம்பத்தாறு பேர் தியாகிகள். இத்தனை பேருக்கும் எங்கே பென்ஷன் கொடுப்பது?

யாரையும் பிடிக்கவில்லை என்றால் நோட்டாவுக்காவது போடுங்களேன் என்றேன் ஒருமுறை. 2013-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லி வந்தது. தமிழ்நாட்டில் அந்த வருடம் ஏற்காடு இடைத்தேர்தலில் முதலில் வைத்தார்கள். அதற்கு முன் 49-ஓ என்று தேர்தல் அதிகாரியிடம் சொல்லி, எல்லோரும் பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது ரகசியமாகவே அழுத்தலாம். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வேணாம்னு சொல்றதுக்கு வெயில்ல ஏன்யா நிக்கணும்? இங்க குந்திக்கினே வேணாம்னு சொல்லிக்கினு கீறேனே.” ஆஸ்திரேலியாவில் போடாவிட்டால் இருபது டாலர் அபராதம் அண்ணே. “அதான் நான் அங்க போவல.”

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவர் நான்கு மாதம் செத்துப்போயிருந்தார். அதாவது ரெஜிஸ்டரில். கம்பெனியில் பிடித்த பி.எஃப். பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், அதாவது நான் உயிரோடு இருக்கிறேன் என்று நாமே போய்க் கைரேகை வைக்க வேண்டும். அண்ணனுக்கு அது மானக்கேடாகப் பட்டது. “நான் உயிரோட கீறது எனக்குத் தெரியும். அவனுக்கு எதுக்கு?” பென்ஷன் நின்றது. நான்கு மாதம் அண்ணன் பேங்கை ஏசினார், சர்க்காரை ஏசினார், ஏ.டி.எம். மெஷினைக்கூட ஒருநாள் தட்டினார். கடைசியில் அண்ணி ஆட்டோ பிடித்து அழைத்துப்போய் விரலைப் பிடித்து வைத்தார். தேய்ந்த ரேகை மூன்று தடவை விழவில்லை. நான்காம் தடவை அண்ணன் உயிர்த்தெழுந்தார். நிலுவை மொத்தமும் சேர்ந்து வந்தது. வந்த அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டது: “எங்க பூடும்? மொத்தமா வந்துச்சி பாரு!” ஆட்டோக் கூலியைப் பற்றி அண்ணி ஒன்றும் பேசவில்லை.

பிறகு 2025 நவம்பர். வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம். வீடு வீடாகப் படிவம். எங்கள் தெருவுக்கு வந்த பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், ஓர் அங்கன்வாடி அம்மா. பகலில் குழந்தைகள், சாயங்காலம் நாங்கள். படிவத்தை அண்ணன் மடியில் வைத்துவிட்டு, இருபது வருடத்துக்கு முந்தைய திருத்தப் பட்டியலில் உங்கள் பேர் எந்தத் தொகுதி, எந்தப் பாகம் என்று கேட்டார். அண்ணன் அதைத் தன் ஜாதகத்தையே சந்தேகப்பட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். “நான் இந்த ஊர்ல பொறந்தவம்மா. நான் யாருன்னு நான் ஏன் சொல்லணும்? அவன் சொல்லட்டும்.” படிவம் மெஸ் பாக்கிக் கணக்கு எழுதப் பயன்பட்டது. அந்த அம்மா இரண்டாம் முறை வந்தார். மூன்றாம் முறையும் வந்தார். மாடிப் போர்ஷன்காரர்களுக்காக ஏறி இறங்கி மூச்சு வாங்க நின்றவருக்கு அண்ணன், தன் கல்லின் மேல் உட்காரச் சொல்லி இடம் கொடுத்தார். அதுவே பெரிய சலுகை.

டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பேர்கள் இல்லை. இறந்தவர்கள், குடி பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள், கதவைத் தட்டியபோது ஆள் இல்லாதவர்கள். டீக்கடையில் அன்று எல்லோர் கையிலும் போன். எங்களுக்கு அண்ணன் கதைதான் முக்கியம். அவர் வருவதற்குள் நான்கு பேர் பந்தயம்கூடக் கட்டிவிட்டார்கள். குமாஸ்தா பாகம் எண்ணைத் தட்டினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பேர் இருந்தது. அப்பா பேர், வயது, வீட்டு எண், எல்லாம் சரியாக.

எப்படி என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டில் இல்லாதவருக்காகக் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திடலாம். வீட்டிலேயே இருந்தும் இல்லாதவருக்கும் அது பொருந்தும் என்று அண்ணி முடிவு செய்திருக்கிறார். மெஸ் கணக்கை ரப்பரால் அழித்துவிட்டு உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார். 2002 வாக்கில் தங்கள் பேர் காலடிப்பேட்டைப் பாகத்தில் இருந்ததும், எந்தப் பள்ளிக்கூடத்தில் சாவடி என்பதும் அவருக்கு நினைவிருந்தது, ஏனென்றால் அவர் போய் ஓட்டுப் போட்டவர். (கவர்னர் ஜோசப் காலெட் பெயரில் நெசவாளர்களுக்காக எழுந்த காலெட்பேட்டை, சனங்கள் வாயில் புழங்கிப் புழங்கிக் காலடிப்பேட்டை ஆனது. புழங்கினால் தேயும் என்பதற்கு எங்கள் ஊரில் அத்தாட்சி இருக்கிறது. அண்ணன் ஒருவேளை இதைப் பார்த்துத்தான் பயந்தாரோ என்னவோ.)

அண்ணன் கடைக்குள் வந்தார். போனை வாங்கி, கையை நீட்டி தூரத்தில் வைத்துத் தன் பேரைப் படித்தார். முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லை.

“நான் இன்னா சொன்னேன்? ஒரு கையெழுத்துப் போட்டேனா? ஒரு எடத்துக்கு அலைஞ்சேனா? கீதா இல்லியா? எங்கய்யா பூடும்?” என்று குமாஸ்தாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, டீ மாஸ்டரிடம் திரும்பி, “கிளாஸ்ல ஒரு விரக்கட கொறையுதே, அது யாரு ஊத்துவா?” என்றார்.

அண்ணியை அப்புறம் தேரடிப் பக்கம் பார்த்தேன். பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதாம். கையில் ஆறாம் எண் படிவத்தோடு பள்ளிக்கூடத்து முகாமுக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். பையன் எங்கே அண்ணி என்றேன்.

“வீட்ல நாற்காலில குந்தினு கீறான்பா.”