பாக்கெட்டில் ஒரு சென்ட்

கே: ‘சம்வேர் இன் டைம்’ (1980) வெறும் அழுமூஞ்சிப் படம் என்கிறார் நண்பர். சரிதானே?

ப: அழுகை வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பழைய புகைப்படத்தில் பார்த்த முகத்துக்காக நூலகத்தில் தேடி, அந்தக் காலத்து உடை அணிந்துகொண்டு ஒருவன் கடந்த காலத்துக்குப் புறப்படுகிறானே, அந்த உழைப்பு இருக்கிறது. ‘சூப்பர்மேன்’ முடித்த கையோடு கிறிஸ்டோபர் ரீவ் இந்த வேடத்தை ஏற்றது எனக்கு இன்றும் பிடிக்கும்.

கே: கண்ணை மூடிப் படுத்தே நாயகன் 68 வருடம் பின்னால் போய்விடுவாராம். நம்புகிறீர்களா?

ப: விளக்கு மினுக்கும் இயந்திரம் இருந்தால் மட்டும் நம்பியிருப்பீர்களா? அறையிலிருந்து புதுப்பொருட்களை எல்லாம் அகற்றிவிட்டு, ‘இது 1912’ என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லிப் போகிறான். சட்டைப்பையில் மறந்துபோன 1979-ம் வருடத்து ஒரு சென்ட் நாணயம் கண்ணில் பட்டதும் எல்லாம் கலைகிறது. நம்பிக்கையால் போனவனை ஒரு சந்தேகம் திருப்பி அனுப்புகிறது. இதைவிட நேர்மையான விதி எந்தக் காலப்பயணப் படத்திலும் இல்லை.

கே: அந்தப் பாக்கெட் கடிகாரம்? புகைப்படத்தில் இருந்தவள் கிழவியாக வந்து அவனுக்குத் தருகிறாள், அவன் போய் இளம்பெண்ணான அவளிடமே அதை விட்டுவருகிறான். செய்தது யார்?

ப: யாருமில்லை. ஓட்டைதான். ஆனால் முதுமையில் அவள் அதைக் கொண்டுவந்து கையில் வைக்கும் காட்சி இல்லாமல் படமே இல்லை. எனக்கு அந்த ஓட்டை வேண்டும்.

கே: ரிச்சர்ட் மாதிசனின் நாவல் மேலா, படம் மேலா?

ப: படம். நாவலில் (1975) நாயகனுக்கு மூளையில் கட்டி. எல்லாம் பிரமையோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. திரைக்கதையையும் எழுதிய மாதிசன் அந்த நோயை எடுத்துவிட்டார். தப்பிக்க வழி வைக்காமல் கதை சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். கதைக்களமும் கலிபோர்னியாவிலிருந்து, கார்கள் ஓடாத மாக்கினாக் தீவின் கிராண்ட் ஹோட்டலுக்கு மாறியது. 1912-ஐக் காட்டப் பாதி வேலையை அந்தத் தீவே செய்துவிடுகிறது!

கே: குறையே இல்லையா?

ப: உண்டு. கிறிஸ்டோபர் பிளம்மர் போன்ற நடிகரை வைத்துக்கொண்டு, ஆளைவிட்டு அடித்துக் கட்டிப்போடும் வில்லத்தனம் எதற்கு? அவர் பார்வையே போதும்.

கே: இசை?

ப: ஜான் பேரி. கூடவே ராக்மானினோவின் ராப்சடி. அது 1934-ல்தான் எழுதப்பட்டது. நாயகன் 1912-ல் முணுமுணுக்க, ராக்மானினோவை அறிந்த நாயகிக்கே அது புதிதாக இருக்கிறது. இப்படி யோசித்த படத்தை உங்கள் நண்பர் இன்னொரு முறை பார்க்கட்டும். தியேட்டரில் அன்று கைவிட்டவர்களும் பிறகு கேபிள் டிவியில்தான் அதைக் கண்டுகொண்டார்கள்.