மேசை மட்டும் மூடாது

கேள்வி: மென்பொருள் எதையும் தரவிறக்காமல் பிரௌசரிலேயே போக்கர் ஆடலாமாமே, நல்லதுதானே?
– வாசகர், கொடிகாமம்

பதில்: அப்படியான போக்கர் தளத்துக்கு உங்கள் கணினியில் இடம் வேண்டாம், தம்பி, வங்கிக் கணக்கில்தான் வேண்டும். பந்தயப் பணத்தில் ஒரு பங்கை ஆட்டத்துக்கு ஆட்டம் தளமே எடுத்துக்கொள்ளும். ஆடுகிறவர்கள் மாறி மாறி வென்றாலும் மேசையிலுள்ள மொத்தக் காசு கரைந்துகொண்டே போகும். இந்தியா 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைச் சட்டம் போட்டே தடுத்தது.

காட்ஸ் ஆசை என்றால் நம்முடைய 304 இருக்கிறதே! 32 சீட்டு, ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11. ராசாவுக்கு வெறும் 3! துரும்பை மறைத்து வைத்து ஆடும் அந்த மூளை வேலைக்குப் போக்கர் கிட்டவும் வராது. மூன்று சிநேகிதரைக் கூப்பிடுங்கோ; காசில்லாமல் ஆடுங்கோ.