வெயிலுக்கும் விசா

காலநிலைச் செய்தி சொல்லும் பொட்காஸ்ட்டுகளில், காற்றும் வெயிலும் எவருக்கும் சொந்தமில்லை என்று யாராவது ஒருவர் உருகிச் சொல்லுவார். அவரை ஒருக்கால் குமுதினிப் படகில் ஏற்றி நெடுந்தீவுக்குக் கூட்டி வரவேணும்.

2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றையும் வெயிலையும் மின்சாரமாக்கும் வேலையைக் கொழும்பு ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்தது. இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு கிட்டவா என்று டில்லி முகம் சுளித்தது. வருட முடிவில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நின்றதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. மூன்றாம் தரப்பின் பெயரைச் சொல்லவில்லை. தீவுச் சனத்துக்குச் சொல்லவும் தேவையில்லை. சீனக் கம்பனிக்கு மாலைதீவில் 12 தீவுகள் கிடைத்தன. 2022 மார்ச்சில் அதே வேலையை இந்தியா நன்கொடையாக ஏற்றது. ஒரு பெங்களூர்க் கம்பனியோடு ஒப்பந்தம் 2024 மார்ச்சில்.

இனித் திட்டக் கணக்கு: காற்று 530 கிலோவாட், வெயில் 1700 கிலோவாட், 'துணைக்கு' டீசல் 2500 கிலோவாட். காற்றையும் வெயிலையும் கூட்டினாலும் டீசலை எட்டாது. அந்த டீசலைப் பற்றி மட்டும் எந்த நாட்டுக்கும் பாதுகாப்புக் கவலை வரவில்லை.