வீடு மாறும், ஈமெயில் மாறாது: கல்முனைக் கரையோரத்துக் கணக்குகளும் குடிமுறையும்

கல்முனைக் கரையோரத்தில் ஒருவர் வீடு மாறுவது பெரிய காரியமில்லை. மருதமுனையில் தொடங்கி அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவில் வரைக்கும், கலியாணம் முடித்த ஆண்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போய்விடுகிறான். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்த பெற்றோர் அதே வளவில் சின்னதாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். ஆனால் அந்த மாப்பிள்ளையின் வட்ஸ்அப்பில் பதிந்து கிடக்கிற ஈமெயில் முகவரியைப் பாருங்கள். மூன்றாவது பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அது ராத்தாவின் புருசனுடையதாகவே இருக்கும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இப்பொருள் கவனிப்பாரற்றுக் கிடப்பதால் நாமே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இக்கரையில் கணக்கு ஆளுக்குச் சொந்தம், ஈமெயில் குடிக்குச் சொந்தம்.

குடி என்பது தாய்வழி வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதை விரித்து எழுதியிருக்கிறார். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருந்து குடிக்காகப் பேசுவதும் அவருடைய கவனத்துக்குத் தப்பவில்லை. தப்பியது ஒன்றுதான். இன்று ஒரு வீட்டிலுள்ள அத்தனை ஃபோன்களுக்கும் யாருடைய ஈமெயில் போடப்பட்டிருக்கிறதோ அவரே அந்த வீட்டின் மரைக்கார். எந்தப் பள்ளிவாசலும் இவரை நியமிக்கவில்லை. முதன்முதலில் வெளிநாடு போனவர் என்பதால் பதவி தானாக வந்து சேர்ந்தது.

இவ்வழக்கத்தின் தோற்றுவாய் கொமியூனிகேஷன் கடை. சவூதிக்கும் கட்டாருக்கும் போனவர்களோடு பேச யாஹூ மெசஞ்சரும், 2003இல் வந்த ஸ்கைப்பும் உதவிய காலம் அது. கணக்குத் திறக்க ஈமெயில் வேண்டும். உம்மாமாருக்கு ஈமெயிலுக்கு எங்கே போவது? கடைப் பொடியன் ஒன்றைத் திறந்து, பெயருக்குப் பின்னால் 786 சேர்த்து, பாஸ்வேர்டைத் தன் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்தான். மீட்பு முகவரி என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒரு கணமும் யோசிக்காமல் மூத்த மருமகனுடையதைப் போட்டான். கரையோரத்தின் மெய்யான ஆவணக் காப்பகம் அந்தக் கொப்பிதான். அது தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இல்லை. கடை இப்போது ஜூஸ் கடையாகி, பொடியனும் கட்டாருக்குப் போய்விட்டதால் கொப்பி எங்கே என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

சில சிக்கல்களைக் காலமே தீர்த்து வைத்தது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17இல் மூடப்பட்டது. ஸ்கைப் 2025 மே 5இல் போய்ச் சேர்ந்தது. முகவரியை மாற்றச் சோம்பியிருந்தவர்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் சோம்பலுக்கு வேறு விலையும் உண்டு. ஒரு வருடம் எட்டிப்பாராத முகவரிகளை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போவதாக 2013இல் யாஹூ அறிவித்தது. மச்சானின் பழைய முகவரியில் எந்தக் குடியையும் சேராத ஒருவர் வந்து குந்திக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள். இரண்டு வருடம் திறக்காத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழித்தும் வருகிறது.

மாற்றும் முறை ஒன்றும் மாயமல்ல. மைக்ரோசொஃப்ட் கணக்கென்றால் புதிய முகவரியைச் சேர்த்து, உறுதிப்படுத்தி, அதை முதன்மையாக்கிய பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். உண்மையான முடிச்சு எதுவென்றால், நீங்கள்தானா என்று கேட்கும் இலக்கம் பழைய முகவரிக்கே போகும். பழையது திறக்காததால்தானே மாற்ற வந்தோம்? பழைய பாதுகாப்பு விபரங்கள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றப் போனால் 30 நாள் காத்திருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் கணக்கு என்பது ஃபோன் நம்பர்தான், ஈமெயில் பக்கத்துணை. 2017இல் வந்த ஆறிலக்க இரகசிய எண் மறந்துபோனால் அந்த ஈமெயில் கைகொடுக்கும், இல்லையேல் ஏழு நாள் காவல். இதற்கான முகவரியை இரண்டு தரம் எழுதச் சொன்ன வட்ஸ்அப், அப்படி ஒன்று உலகில் உண்டா என்று வெகுகாலம் பார்க்கவே இல்லை. இந்தப் பெருந்தன்மையால் கரையோரத்தில் எத்தனை எழுத்துப்பிழைகள் மீட்பு முகவரிகளாக வாழ்கின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.

முகவரி மாற்றம் இந்த மக்களுக்குப் புதிதல்ல என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கட்டியவற்றில் மருதமுனையில் ஒன்றுக்குப் பெயரே 65 மீற்றர் வீட்டுத் திட்டம். கடலிலிருந்து அளந்த தூரம் கடிதம் வந்து சேரும் விலாசமாகிவிட்டது. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. அதே மாதமே நிறுத்தியும் வைத்தார்கள். அரசாங்கம் ஒரே மாதத்தில் முகவரியை மாற்றித் திருப்பியும் மாற்றுகிற நாட்டில் ஒரு மாமியால் ஈமெயிலை மாற்ற முடியாமற் போவது ஏன்?

விடை ஒரு முன்விறாந்தையில் கிடைத்தது. புது ஃபோன் வாங்கியிருந்தார்கள். இரகசிய எண் யாருக்கும் நினைவில்லை. அந்த வீட்டிலேயே குடியிருக்கும் இளைய மருமகன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“மாமி, இதுக்குப் போட்டிருக்கிற ஈமெயில் ஆர்ட?”

“மூத்தவள்ட மாப்புளட. அவருதானே முதல்ல சவூதிக்குப் போன.”

“அவருக்கு லிங்க் ஒண்டு போகும். அமத்தச் சொல்லுங்க, சரியாப் போகும்.”

“அவரு வேலையில நிப்பாரு. இதுக்கெல்லாம் அவரக் கரச்சல் படுத்தேலுமா?”

இளையவருக்கும் சகலனிடம் கேட்க மனமில்லை. கேட்டால் மரைக்கார் பதவியை ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே லிங்க் அமத்தப்படவில்லை. ஏழு நாளும் மாமியின் வெளிநாட்டு அழைப்புகள் பக்கத்து வளவுச் சாச்சியின் ஃபோனில் வந்தன. மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தார். எட்டாம் நாள் கணக்குத் திறந்தது. புதிய ஆறிலக்கம் போட்டார்கள். அடுத்த திரை ஈமெயிலைக் கேட்டது. இளையவர் தொண்டையைச் செருமினார்.

“மாமி, உங்கட பேருலயே ஒண்டு துறந்து வெச்சிரிக்கன். அதப் போடுவமா?”

மாமி திரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்.

“மூத்தவர்ட பழசையே போடுங்க மகன். மாமி என்னக் களட்டிட்டா எண்டு அவரு நெனச்சிரப்போடாது.”