கோணல் கூடம் தேடுபவர்

ஹோல்கா கேமரா பக்தரை எந்த ஊரிலும் எளிதாக அடையாளம் காணலாம். கழுத்தில் கருப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தொங்கும். பின்மூடி கழன்று விழாமலும் வெளிச்சம் உள்ளே புகாமலும் இருக்க, அதன் மூட்டுகளிலெல்லாம் கருப்பு டேப் ஒட்டியிருக்கும். ஆனால் வாயைத் திறந்தால், ஒளிக்கசிவுதான் இந்தக் கேமராவின் உயிர் என்பார். உயிரை எதற்கு டேப் போட்டு அடைக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்று சொல்வார்; இவரோ கோணல் கூடமாகத் தேடிப் பிடித்து விலைக்கே வாங்கிவிடுகிறார். படம் நன்றாக வந்தால் அவருடைய பார்வை, பாழாய்ப் போனால் ஹோல்காவின் குணம். தோல்வியே கிடையாத தொழில் உலகில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கேமராவைப் படைத்தவருக்கு அப்படியொரு நோக்கம் இருக்கவில்லை. லீ டிங் மோ வடிவமைத்த இது 1982இல் ஹாங்காங்கில் வெளிவந்தது. சீனாவில் அப்போது 120 பிலிம்தான் பரவலாகக் கிடைத்தது. சாதாரணக் குடும்பங்கள் கல்யாணம் காட்சிகளைப் படமெடுக்க மலிவாக ஒரு கேமரா, அவ்வளவே. அந்தக் குடும்பங்களில் எதுவும் முகம் மங்க வேண்டும் என்று காசு கொடுத்திருக்காது. அங்கே 35 மி.மீ. பிலிம் பரவியதும் சந்தை அந்தப் பக்கம் போயிற்று. ஹோல்கா மேற்கே போய்க் கலையாயிற்று. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய மாடல்களில் இருந்த ஒரு விசை. வெயில், மேகம் என்று இரண்டு படம் போட்டிருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் லென்ஸ் துவாரத்தின் அளவு மாறாது. தயாரிப்பில் நேர்ந்த பிழை. பக்தர் வானத்தை அண்ணாந்து பார்த்து, கண்ணைச் சுருக்கி, யோசித்து, அந்த விசையை மேகத்துக்குத் தள்ளுவார். பிலிமைச் சுற்ற மறந்து மறுபடி அழுத்தினாலும் கேமரா தடுக்காது. ஒரே கட்டத்தில் மாமியாரும் பேருந்து நிலையமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவார்கள். அதற்கு அவர் தலைப்பே வைத்துவிடுவார்.

பெரிய கலைஞர்களே இதில் எடுக்கவில்லையா என்பார்கள். எடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் அல் கோரின் பிரசாரத்தை டேவிட் பர்னெட் ஹோல்காவில் எடுத்த படம் பரிசு பெற்றது. ஹோல்காவுக்கு முந்தைய தலைமுறைப் பிளாஸ்டிக் கேமராவான டயானாவில் நான்சி ரெக்ஸ்ராத் எடுத்த படங்கள் ‘அயோவா’ என்ற நூலாக 1977இல் வந்தன. ஆனால் பர்னெட் வியட்நாம் போரையும் ஈரான் புரட்சியையும் படமெடுத்தவர். ஓரங்கள் இருண்டு நடு மட்டும் தெளியும் லென்ஸ் கூட்டத்தில் ஒருவரை எப்படித் தனித்துக் காட்டும் என்று தெரிந்தே அதைக் கையில் எடுத்தார். தெரிந்து செய்தவரின் பரிசைத் தெரியாமல் செய்பவர் தன் கணக்கில் வரவு வைக்க முடியாது.

சரி, ரோலுக்குப் பன்னிரண்டே படம், அது நிதானத்தைக் கற்றுத்தருமே என்றொரு வாதம் உண்டு. அது நியாயம்தான், பிலிம் விலையும் கழுவும் கூலியும் எவரையும் நிதானப்படுத்தும். அப்படியானால் பழைய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா ஒன்றை வாங்கலாமே? அதே 120 பிலிம், அதே பன்னிரண்டு படம், போகஸ் செய்ய நல்ல கண்ணாடி லென்ஸ். பக்தர் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அதில் படம் மங்கினால் பழியைப் போட வேறு ஆள் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அழுத்துமுன் லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். ஹோல்காவின் வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூடி மூடியே இருந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும்.