டெஸ்ட் டிரைவ் மாமா

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையின் எந்தக் கார் ஷோரூமுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். தேய்த்த சட்டை, பாக்கெட்டில் பேனா, கையில் இஞ்ச் டேப். சேல்ஸ் பையன் கேட்லாக்கை நீட்டினால் வாங்க மாட்டார்.

"நீளம் 4,330 மில்லிமீட்டர், வீல்பேஸ் 2,610. அதெல்லாம் தெரியும் தம்பி. டிக்கியைத் திற."

கிரெட்டா காரின் டிக்கி 433 லிட்டர். மாமாவுக்கு லிட்டர் கணக்கில் நம்பிக்கை இல்லை. "ரெண்டு அரிசி மூட்டை, சீர்வரிசைப் பாத்திரம், ஒரு மடக்குக் கட்டில். போகுமா போகாதா?" சீர் வைக்கிற வயதில் அவர் வீட்டில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது கதவு. மூன்று முறை அறைந்து சாத்துவார். 'டப்' என்றால் தகரம், 'தொம்' என்றால் கனம். பாரத் என்கேப் என்று 2023 முதல் வண்டிகளை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். மாமாவின் காதுதான் அதற்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்.

பிறகு பின்சீட்டில் ஏறிச் சாய்ந்து, கால் நீட்டி, கண்ணை மூடுவார். தூங்கிவிட்டாரோ என்று பையன் பயப்படும்போது தீர்ப்பு வரும்: "தொடைக்குத் தாங்கல் பத்தாது."

டெஸ்ட் டிரைவ் என்றால் மெயின் ரோடு ஆகாது. கத்திப்பாரா நெரிசல்தான் வேண்டும். 160 குதிரைத்திறன் டர்போ எஞ்சின் ஒரு தண்ணி லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்க, மாமா விளக்குவார்: "253 நியூட்டன் மீட்டர் டார்க். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் அசால்ட்டா ஏறிடும்." அவர் கொல்லிமலைக்குப் போனது அரசுப் பேருந்தில்.

அடாஸ் பற்றிப் பையன் பெருமையாக ஆரம்பிப்பான். "முன்னாடி வண்டி நின்னா இதுவே பிரேக் போடும் சார்." மாமா சிரிப்பார். "ஷேர் ஆட்டோ பின்னாடி போனா இது சாயங்காலம் வரைக்கும் பிரேக்கிலேயே நிக்கும். சரி, லேன் அசிஸ்ட் இருக்கா? ரோட்டுல கோடு யாரு போடுவா, உங்க கம்பெனியா?"

பனோரமிக் சன்ரூஃபைத் திறந்து காட்டுவான். மே மாத வெயில் உள்ளே இறங்கும். உடனே காற்று வரும் சீட்டைப் போடச் சொல்வார். "மேலே சுட வச்சு கீழே ஆற வைக்கிறதுக்கு ரெண்டுக்கும் தனித்தனியா காசா?"

கடைசியில் விலை. "இருங்காட்டுக்கோட்டையில செய்யற வண்டி. அங்கேயிருந்து இங்கே வர்றதுக்குள்ள எதுக்குய்யா இவ்வளவு? பத்து லட்சத்துக்கு மேலே போனா ரோடு டாக்ஸ் வேற 18 சதவீதம்!" என்று எழுந்துவிடுவார்.

வாங்க வசதி இல்லாதவர் அல்ல. பணம் வங்கியில் வைப்புநிதியாகத் தூங்குகிறது. நேரம்தான் கூடி வரவில்லை. 2015இல் கிரெட்டா வந்தபோது, "முதல் லாட்டை எவனாவது வாங்குவானா?" என்றார். 2019இல் செல்டோஸ் வந்தது: "போட்டி வந்துடுச்சு, விலை இறங்கும்." 2020இல் பிஎஸ்-6: "புது எஞ்சின், கொஞ்சம் பழகட்டும்." 2022இல் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட், லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்றார்கள். "பேட்டரி டிக்கியைத் தின்னுடுச்சே, கட்டிலை எங்கே வைக்கிறது?" 2025 ஜனவரியில் கிரெட்டாவே மின்சாரத்துக்கு வந்தது: "சார்ஜர் தெருவுக்குத் தெரு வரட்டும்." அதே ஆண்டு செப்டம்பரில் இந்த ரக வண்டிகளுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்திருந்த வரி 40 சதவீத ஜிஎஸ்டியாக இறங்கியது. "இறங்க ஆரம்பிச்சுட்டான் பாரு. சின்னக் காருக்கு 18 ஆச்சு. நமக்கும் ஆகாமலா போகும்?"

இதற்கிடையில் இவர் பேச்சைக் கேட்டு அபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் வண்டி வாங்கிவிட்டார்கள். ஷோரூமில் குழம்பி நிற்கும் குடும்பங்களுக்கும் மாமாவே வேரியன்ட் முடிவு செய்து கொடுக்கிறார். புதிதாகச் சேரும் சேல்ஸ் பையன்களை மேனேஜர் முதலில் இவரிடம்தான் அனுப்புகிறார். இவரைச் சமாளித்தவன் எவரையும் சமாளிப்பான்.

போன வாரம் மாமி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "ஏங்க, இவ்வளவு தெரிஞ்சவர் ஒண்ணை வாங்கினாத்தான் என்ன?"

மாமா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியபடி சொன்னார்: "வாங்கினவனை சர்வீஸ் சென்டர்ல டோக்கன் குடுத்து உக்கார வைக்கிறான். வாங்காதவனுக்கு ஏசி போட்டு காபி குடுக்கிறான். இதுல எதுக்கு ரீசேல் வேல்யூ அதிகம், நீயே சொல்லு."