ஃபோர்ட் தொரை வந்த கதை, போன கதை, இன்னும் வரப்போகிற கதை

கம்பனிகள் வருவதையும் போவதையும் வேடிக்கை பார்ப்பதில் இலங்கை மலையகத்து ஆட்களுக்கு இருநூறு வருஷ அனுபவம். வெள்ளைக்காரக் கம்பனி காட்டை வெட்டித் தோட்டம் போட்டது. 1975-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1992-ல் நடத்த முடியவில்லை என்று மறுபடியும் கம்பனிகளிடமே கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் தோட்டத்து முகப்பில் போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள், லயத்துத் தகரக் கூரைக்கு மட்டும் அந்தப் பெயின்ட் எட்டவே இல்லை. அதனால்தான் 2021 செப்டம்பர் 9 ஆம் திகதி, இந்தியாவில் இனிமேல் கார் செய்வதில்லை என்று அமெரிக்காவின் ஃபோர்ட் கம்பனி அறிவித்து, சென்னை தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, ஹட்டன் பக்கம் யாரும் பெரிதாக அதிரவில்லை. பெரிய தொரை பெட்டி கட்டுகிறார். இது நாம் பார்க்காத பெட்டியா?

பெட்டி கட்டியதும் அது முதல் தடவை இல்லை.

1904-க்குப் போவோம். டெட்ராய்ட்டில் கார் செய்துகொண்டிருந்த ஹென்றி ஃபோர்டின் கம்பனிக்கு ஆற்றுக்கு அந்தக் கரையில், கனடாவின் வாக்கர்வில்லில், ஒரு கிளைக் கம்பனி பிறந்தது. அந்தக் கரை பிரித்தானிய சாம்ராஜ்யம். சாம்ராஜ்யத்துக்குள்ளிருந்து சாம்ராஜ்யத்துக்குச் சாமான் அனுப்பினால் சுங்கவரி குறைவு. ஆக, ஓர் ஆற்றைத் தாண்டியதும் அமெரிக்கக் கார் மன்னர்பிரானின் விசுவாசமுள்ள பிரஜை ஆகிவிட்டது. நம்முடைய ஆட்கள் 1948-ல் பறிபோன பிரஜாவுரிமைக்காக 2003 வரை பைல் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். காருக்கு ஓர் ஓடம் போதுமாக இருந்திருக்கிறது.

இந்தக் கனடாக் கம்பனி பெற்ற பிள்ளைதான் 1926-ல் தொடங்கிய ஃபோர்ட் இந்தியா. பம்பாய், சென்னை, கல்கத்தா என்று மூன்று இடத்தில் கடை விரித்தது. தொழிற்சாலை என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த பாகங்களை உடைத்து எடுத்துப் பூட்டும் பட்டறை அது. மகாராஜாக்களுக்கும் வக்கீல்களுக்கும் கார் போய்ச் சேர்ந்தது, பணம் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். சுதந்திரம் வந்தது, கூடவே கணக்கு கேட்கும் புது அதிகாரிகளும் வந்தார்கள். 1953-ல் டில்லி சொன்னது இவ்வளவுதான்: பாகங்களை இங்கேயே செய்வதற்குத் திட்டம் இருந்தால் இரு, பூட்டுவது மட்டும்தான் வேலை என்றால் நடையைக் கட்டு. 1954-ல் ஃபோர்ட் நடையைக் கட்டியது. பம்பாயில் 1928 முதல் இருந்த ஜெனரல் மோட்டர்ஸும் அதே வருஷம் கதவைச் சாத்தியது. பகையாளிகள் இருவரும் ஒரே சமயத்தில் ஊரைக் காலி பண்ணிய அபூர்வக் காட்சி.

இந்தியாவில் பெட்டி உடைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரேசில் காட்டில் ஃபோர்ட் இன்னொரு வேலை பார்த்தார். அதை இங்கே சொல்லாமல் போகக் கூடாது. ஏனென்றால் அந்தக் கூத்துக்கு அடியெடுத்துக் கொடுத்ததில் இலங்கைக்கும் பங்கு உண்டு. அவர் செய்த வேலை என்ன என்றால், தோட்டம் போட்டது.

1876-ல் ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர் அமேசன் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 றப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதில் முளைத்தவற்றில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்தது, கம்பகாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் வேர் பிடித்தது. அடுத்த அரை நூற்றாண்டில் உலகத்து றப்பரில் பெரும்பங்கு மலாயா, இலங்கைத் தோட்டங்களிலிருந்து, பெரும்பாலும் தமிழ் ஆட்களின் கையால், வடிந்துகொண்டிருந்தது. விலை விழுந்ததும் 1922-ல் லண்டன் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இங்கேயும் மலாயாவிலும் றப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றுவது. கொலனி மந்திரியாக அப்போது இருந்தவர் சேர்ச்சில். கார் டயருக்கு வெள்ளைக்காரனிடம் கையேந்துவதா என்று ஃபோர்டுக்குக் கோபம் வந்தது. நானே தோட்டம் போடுகிறேன் பார் என்று 1927-ல் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் 25 லட்சம் ஏக்கர் வாங்கினார். பெயர் ஃபோர்ட்லாண்டியா. அடக்கம் அவருக்குப் பரம்பரை வியாதி இல்லை.

தோட்டம் நடத்தத் தெரிந்த ஒரு கங்காணியையாவது கூட்டிப் போயிருக்கலாம். போகவில்லை. செடி தெரிந்த ஆளையும் ஆரம்பத்தில் கூப்பிடவில்லை. டெட்ராய்ட்டில் இன்ஜின் செய்தவர்கள்தான் சின்ன தொரைமார். சூரியன் ஏறுமுன் பால் வெட்டி, வெயில் நேரம் ஒதுங்குவது அந்த ஊர் வழக்கம். இவர்கள் சங்கு ஊதி, நேரம் பதியும் மெஷினில் அட்டை அடித்து, பகல் முழுக்க வேலை என்றார்கள். நம் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பெயர் அடிப்பதையாவது கெஞ்சிக் கூத்தாடிச் சரிக்கட்டலாம், மெஷினிடம் என்ன பேசுவது? குடியிருப்புக்கு வெயிலைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும் உலோகக் கூரை. சாராயம் கிடையாது. சாயந்தரம் அமெரிக்க நாட்டுப்புற நடனம். தப்படித்து ஆடத் தெரிந்த ஜனத்துக்குத் தொரை ஆட்டம் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்பது உங்கள் கற்பனைக்கு.

சாப்பாடுதான் உச்சம். காலையில் ஓட்ஸ் கஞ்சி, டின்னில் அடைத்த பீச் பழம். ராத்திரிக்குத் தீட்டாத அரிசி, முழுக்கோதுமைப் பாண். ஹென்றி ஃபோர்டுக்கு உடம்புக்கு எது நல்லது என்பதில் சொந்தக் கொள்கைகள் உண்டு. அவருடைய கொள்கையை மற்றவர்கள் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதுவரை மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறியதையும் 1930 டிசம்பரில் நிறுத்தி, தட்டோடு வரிசையில் நில் என்றார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மண்டபம் தவிடுபொடி. முதலில் சாப்பாட்டு மேசை, அப்புறம் லொறி, அப்புறம் மறக்காமல் அந்த நேரம் பதியும் மெஷின். சின்ன தொரைமார் படகில் ஏறி ஆற்று நடுவில் உட்கார்ந்துகொண்டார்கள். விடியற்காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு மலை ஏறுகிற நம் அக்காமாரிடம் போய் நாளையிலிருந்து ஓட்ஸ் என்று சொல்லிப் பார்க்கட்டும், படகு தேடக்கூட நேரம் இருக்காது.

ஆள் கலவரத்தைப் பட்டாளம் வந்து அடக்கியது. இலைக் கலவரத்தை அடக்க முடியவில்லை. அமேசன் காட்டில் றப்பர் மரம் தள்ளித் தள்ளித்தான் வளரும், காரணம் இலைக்கருகல் பூஞ்சணம். நெருக்கி நட்டால் ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குக் கிளையோடு கிளையாகப் போய்விடும். ஆசியாவுக்கு விதை வந்தது, அந்த நோய் வரவில்லை. இங்கே தோட்டம் செழித்த ரகசியம் அதுதான். இலை நோய் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஃபோர்ட் எங்கள் பக்கம் ஒரு தந்தி அடித்திருந்தால் போதும். 1869-ல் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி தெரிந்தது. இருபது வருஷத்துக்குள் மலைநாட்டில் கோப்பி மூட்டையும் இல்லை, கோப்பித் தொரைகளில் பாதிப் பேரும் இல்லை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டு வைத்திருந்ததால் மலை தப்பியது. ஃபோர்டுக்கு அப்படி ஒரு டெய்லர் வாய்க்கவில்லை. 1945-ல், ஏறக்குறைய 2 கோடி டொலர் கரைந்த பிறகு, எல்லாவற்றையும் இரண்டரை லட்சம் டொலருக்குப் பிரேசில் அரசாங்கத்திடமே தள்ளிவிட்டார்கள். தன் பெயர் வைத்த அந்த ஊரை ஹென்றி ஃபோர்ட் ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை. லண்டனில் இருந்துகொண்டு இங்கே தோட்டம் நடத்தியவர்களை நினைத்தால் அதுவும் அதிசயம் இல்லை.

இந்தியாவுக்கு இரண்டாம் வருகை 1995-ல். இந்த முறை மஹிந்திராவோடு கூட்டு. 1996-ல் எஸ்கார்ட் என்று ஒரு கார் வந்தது, ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த மாடல். சீமையில் தொரை போட்டுக் கழித்த கோட்டு தோட்டத்தில் கிளார்க்கருக்குப் புதுக் கோட்டு என்கிற பழைய கணக்கு. 1998-ல் ஃபோர்ட் பெரும்பங்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. மகாராஷ்டிராவும் தமிழ்நாடும் தொழிற்சாலைக்காகப் போட்டி போட்டு, சலுகைகளைக் கொட்டித் தமிழ்நாடு ஜெயித்தது. இடம், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மறைமலை நகர். வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரில் ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, எக்கோஸ்போர்ட் என்று பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தன. அடிகள் இருந்திருந்தால் கேட்டில் ஒரு பெயர்சூட்டு விழாவாவது நடந்திருக்கும்.

1999-ல் வந்த ஐகான் நல்ல கார். ஐரோப்பாவின் சின்ன ஃபியஸ்டாவுக்குப் பின்னால் ஒரு டிக்கி ஒட்டி, இந்தியனுக்கு டிக்கி வேண்டும் என்று புரிந்துகொண்டு செய்தது. ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பே அதே சென்னைப் பக்கம், இருங்காட்டுக்கோட்டையில், கொரியாவின் ஹூண்டாய் சான்ட்ரோ என்ற குட்டிக் காரை ஷாருக் கானைக் கூப்பிட்டு இறக்கிவிட்டது. கொரியாக்காரன் அடித்தட்டிலிருந்து மேலே ஏறினான், ஃபோர்ட் மேல்தட்டில் நின்றுகொண்டு கீழே வர யோசித்தது. சின்னக் கார் செய்ய 2010 வரை எடுத்துக்கொண்டது. அதுதான் ஃபிகோ. ஓடியது. 2013-ல் எக்கோஸ்போர்ட், அதுவும் ஓடியது. நாலு மீட்டருக்குள் அடங்கினால் வரி குறைவு என்ற விதிக்குள் ஒரு ஜீப் மாதிரி வண்டியை நுழைத்து, மேலதிகச் சக்கரத்தைப் பின் கதவில் மாட்டி, அந்தக் கதவைப் பக்கவாட்டில் திறக்கவைத்தார்கள். சனம் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. பிறகு என்ன? மாருதி ஒரு பிரெஸ்ஸா, ஹூண்டாய் ஒரு வென்யூ என்று எல்லாரும் அதே மாதிரி இறக்கினார்கள். வழி காட்டியவர் அதே வண்டியைத் துடைத்துத் துடைத்து எட்டு வருஷம் விற்றுக்கொண்டிருந்தார்.

கொழுந்து குறைந்தால் பக்கத்து மலையை ஏன் வாங்கக் கூடாது என்று 2015-ல் குஜராத்தின் சனந்தில் 100 கோடி டொலருக்கு இன்னொரு தொழிற்சாலை. இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் கார் செய்யலாம். செய்தது கடைசியில் ஏறக்குறைய 80,000, அதிலும் பாதி வெளிநாட்டுக்கு. சந்தையில் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 2019-ல் பழைய கூட்டாளி மஹிந்திராவோடு மறுபடியும் கைகோக்க ஒப்பந்தம், 2020 டிசம்பர் 31-ல் அதுவும் முறிந்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டொலருக்கு மேல் நட்டம் என்று கணக்குக் காட்டிவிட்டுப் பெட்டியை எடுத்தார்கள்.

4,000 பேர் வரை நடுத்தெருவில். 2022 மே, ஜூன் மாதங்களில் மறைமலை நகர்த் தொழிலாளர்கள் நல்ல இழப்பீடு கேட்டு வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்தார்கள். சேவைக்காலப் பணத்துக்காக ஆபீஸ் வாசலில் நின்ற எவருக்கும் அந்தப் படங்களைப் பார்த்ததும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. சனந்தை 725.7 கோடி ரூபாய்க்கு டாட்டா வாங்கியது. அதற்கும் முன்னால், 2008-ல், ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் ஃபோர்டிடமிருந்து வாங்கியதும் இதே டாட்டாதான். தோட்டத்துத் தொரைமாரின் லேண்ட் ரோவர் கடைசியில் ஒரு இந்தியன் கைக்குப் போய்ச் சேர்ந்ததில் நம் பாட்டன்மாருக்கு ஒரு சின்னச் சிரிப்பாவது வந்திருக்கும்.

மறைமலை நகரை மட்டும் விற்கவில்லை. பேச்சு வந்தது, நின்றது. 2024-ல் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின் அமெரிக்கா போய் வந்த கையோடு, திரும்பி வருகிறோம் என்று ஃபோர்டிடமிருந்து கடிதம் வந்தது. 2025 அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம்: 3,250 கோடி ரூபாய், வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின், 2029-ல் உற்பத்தி, 600 பேருக்கு மேல் வேலை. கார் கிடையாது, இன்ஜின் மட்டும்.

என்னைக் கேட்டால், ஃபோர்டுக்குக் கார் செய்யத் தெரியாமல் போகவில்லை. ஃபிகோ வைத்திருப்பவரிடம் விலை கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் கொடுக்க மனசு வராது. எதிரில் இருக்கிறவன் என்ன சாப்பிடுகிறான் என்று பார்க்கத்தான் பிரேசிலிலும் தெரியவில்லை, இந்தியாவிலும் பாதி நாள் தெரியவில்லை. இன்ஜினுக்கு அந்தக் கவலை இல்லை, ஆகவே மூன்றாவது தடவை தேறலாம்.

அந்த 600 பேரில் ஒருவராகப் போகிற தம்பி தங்கைகளுக்கு மலையிலிருந்து ஒரு வார்த்தை. நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் சம்பளத்தைப் பிறகு பாருங்கள். கம்பனி மூடினால் ஒரு வருஷ வேலைக்கு எத்தனை நாள் சம்பளம் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியில்லாவிட்டால் சேருகிற அன்றைக்கே யூனியனில் கேளுங்கள்.